தஞ்சை வட்டாரக் கல்லூரிகளில் ஆசிரியப் பணிப் பிரதிநிதித்துவம்

பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் உயர்கல்வி நிறுவனங்களில் பல்வேறு சாதியாரும் சமயத்தாரும், பெண்களும், மாற்றுத்திறனாளிகளும் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் இடம்பெறுவதற்கு நடந்த முயற்சிகளின் வரலாறு இது. இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் இந்த வட்டாரத்தில் அடங்கும். மாணவர் சேர்க்கையின் வரலாறு இதனோடு பிணைந்தது. ஆயினும் மாணவர் பெஞ்சு திறந்த வேகத்தில் ஆசிரியர் நாற்காலி திறக்கவில்லை.

தொடக்கம்

கல்லூரிகளுக்கு முந்திய காலத்தில் புலமை குருவின் திண்ணையில் வளர்ந்தது. திருவாவடுதுறை ஆதீனத்தின் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815–1876) பாடம் கேட்டவர்களில் பூவாளூர் தியாகராச செட்டியார், உ. வே. சாமிநாதையர், கிறித்தவரான சவேரிநாத பிள்ளை, நாகூர் குலாம் காதிறு நாவலர் ஆகியோர் உண்டு. ஓர் ஆசிரியரைச் சுற்றி இத்தனை பேர் கூடியது இந்த வட்டாரம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

அரசு வேலைகள் சில குடும்பங்களுக்குள் முடங்கிவிடக் கூடாது என்று சென்னை வருவாய் வாரியத்தின் 128(2)ஆம் நிலையாணை 1854இல் கலெக்டர்களுக்கு அறிவுறுத்தியது. கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கு மூலமான மாகாணப் பள்ளி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பின்னாளில் அது தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் பெற்றது. அசல் கேம்பிரிட்ஜிலோ, ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சேராதவர்களை ஆசிரியப் பொறுப்புகளுக்கு வெளியே நிறுத்திய சமயச் சோதனைகள் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீங்கின.

கும்பகோணத்தில் பணி நியமனம் எப்படி நடந்தது என்பதைச் சாமிநாதையரின் தன்வரலாறு விரிவாகக் காட்டுகிறது. தமிழ்ப் பண்டிதராயிருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, தம் இடத்துக்குச் சாமிநாதையரைக் கல்லூரித் தலைவர் கோபாலராவிடம் பரிந்துரைத்தார். சாமிநாதையர் 1880 பிப்ரவரியில் மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை ஏற்றார். செட்டியார் சொல்லி ஒரு பிராமணருக்கு வேலை கிடைத்தது என்பதைச் சமூக இணக்கத்தின் சான்றாகச் சிலர் எடுத்துக்காட்டுவர். பரிந்துரை வழியே வேலை கிடைத்த காலத்தில், பரிந்துரைக்க ஆள் இல்லாதவர் வாசலிலேயே நின்றார் என்பதற்கும் இதுவே சான்று என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆங்கில ஆசிரியரைவிடத் தமிழ்ப் பண்டிதருக்குச் சம்பளமும் மதிப்பும் குறைவாயிருந்த காலம் அது.

திருவையாறு, 1924–1942

இந்த வரலாற்றின் செழுமையான பகுதி திருவையாற்றில் நிகழ்ந்தது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டி, அவற்றுக்கு நன்செய் நிலங்களை எழுதிவைத்தனர். அவர்கள் ஆட்சி முடிந்தபின் இந்தச் சத்திர அறநிலையங்களின் நிர்வாகம் காலப்போக்கில் மாவட்ட உள்ளாட்சி அமைப்பான ஜில்லா போர்டின் கைக்கு வந்தது. அந்த நெல் வருமானத்தில்தான் திருவையாற்றுச் சமஸ்கிருதக் கல்லூரி நடந்தது. காவிரிக் கரையில் படித்துறையை ஒட்டி நிற்கும் கல்யாண மகால் அதன் இடம். தமிழுக்கு அங்கே பாடமும் இல்லை, பட்டமும் இல்லை. எனவே தமிழ் கற்றவருக்கு வேலையும் இல்லை.

1924இல் நீதிக்கட்சியைச் சேர்ந்த ஏ. டி. பன்னீர்செல்வம் ஜில்லா போர்டுத் தலைவரானார். திருவாரூர்ப் பக்கத்துக் கிறித்தவக் குடும்பத்தில் 1888இல் பிறந்து, பாரிஸ்டர் படிப்பு முடித்தவர் அவர். 1911இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், வழக்கறிஞர் த. வே. உமாமகேசுவரனார் அவருக்குத் துணைநின்றார். அறநிலையத்தின் மூல ஆவணத்தை இவர்கள் எடுத்துப் படிக்கச் செய்தனர் என்றும், சமஸ்கிருதத்துக்கு மட்டும் என்றோ ஒரு சாதியாருக்கு மட்டும் என்றோ கட்டுப்பாடு அதில் இல்லை என்று கண்டனர் என்றும் கரந்தை வட்டாரத்து எழுத்துகள் கூறுகின்றன. எழுதிவைத்த மன்னர் விதிக்காத தடையை இடையில் வந்த வழக்கம் விதித்திருந்தது என்பதே அவர்களது வாதம்.

இதைத் தொடர்ந்து தமிழ் வித்துவான் படிப்பு ஏற்பட்டது. கல்லூரியின் பெயர் அரசர் கல்லூரி என்றாயிற்று. மாற்றத்தின் முதன்மைப் பெருமை பன்னீர்செல்வத்துக்கா, உமாமகேசுவரனாருக்கா என்பதில் இரு தரப்பு எழுத்துகளும் ஒத்துப்போவதில்லை. யோசனை சங்கத்திலிருந்தும் அதிகாரம் போர்டிலிருந்தும் வந்திருக்கலாம். சமஸ்கிருதத்தை ஒடுக்கவே இது செய்யப்பட்டது என்ற குறையும் எழுந்தது. ஆனால் சமஸ்கிருதப் பிரிவு மூடப்படவில்லை, இரு மொழியும் ஒரே கூரையின்கீழ் நடந்தன.

விளைவு வகுப்பறையோடு நிற்கவில்லை. தமிழ்ப் பிரிவுக்குத் தமிழாசிரியர் தேவைப்பட்டனர். வித்துவான் பட்டம் பெற்றவர்களோ பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆசிரியப் பணிக்குத் தகுதி அடைந்தனர். உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் யாருடைய பரிந்துரையும் இன்றி, பல்கலைக்கழகச் சான்றிதழைக் காட்டித் தமிழாசிரியர் வேலை கேட்க முடிந்தது. 1932 முதல் 1942 வரை முதல்வராயிருந்த பி. சா. சுப்பிரமணிய சாஸ்திரி தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழாய்வுக்காக முதலில் முனைவர் பட்டம் பெற்றவர். தொல்காப்பியத்தை ஆங்கிலத்தில் தந்தவர். இரு பிரிவினரும் ஏற்கத்தக்க ஒருவர் அந்த நாற்காலியில் பத்தாண்டுகள் இருந்தது கல்லூரியின் நற்பேறு.

ஒரத்தநாடு, இராசாமடம் சத்திர விடுதிகளைப் பிராமணரல்லாத மாணவர்களுக்கும் ஆதிதிராவிட மாணவர்களுக்கும் திறந்துவிட்டதும் பன்னீர்செல்வம் காலத்துச் செயலாகச் சொல்லப்படுகிறது. தங்க இடமும் இரண்டு வேளைச் சோறும் கிடைத்தால்தான் படிப்பு, படிப்பு முடிந்தால்தான் வேலை. ஆகவே ஆசிரியப் பணியின் வரலாற்றில் இந்த விடுதிகளுக்கும் இடம் உண்டு. 1940 மார்ச் 1 அன்று லண்டன் செல்லும் வழியில் ஓமன் வளைகுடாப் பகுதியில் காணாமற்போன ஹனிபல் விமானத்தில் பன்னீர்செல்வமும் இருந்தார். உமாமகேசுவரனார் 1941இல் மறைந்தார்.

வகுப்புவாரி ஆணையும் தண்ணீர்ப் பானையும்

அரசு வேலைகளை வகுப்புகளுக்கிடையே சுழற்சி முறையில் பகிரும் வகுப்புவாரி ஆணை, தஞ்சை மாவட்டத்துக்காரரான அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் பெயரோடு சேர்த்து நினைக்கப்படுகிறது. அதன் ஆண்டு 1927 என்றும் 1928 என்றும் நூல்களில் மாறி வருகிறது. ஆணை பிறந்த நாளும் நடைமுறைக்கு வந்த நாளும் வேறுபட்டதே காரணம் ஆகலாம். 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்பது பங்கீடு. 1947இல் இது 14 இடச் சுழற்சியாகத் திருத்தப்பட்டுப் பிற்பட்ட வகுப்பு இந்துக்களுக்குத் தனியே 2 இடம் தரப்பட்டது. உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் இம்முறை செல்லாது என்றது. அதே ஆண்டு வந்த அரசியலமைப்பின் முதல் திருத்தம் கல்வி இடஒதுக்கீட்டுக்கு மறுபடி வழி செய்தது.

ஆணையால் மட்டும் கல்லூரிக்குள் நிலவிய பழக்கம் மாறிவிடவில்லை. 1943இல் கும்பகோணம் அரசுக் கல்லூரி விடுதியில் பிராமணருக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவருக்கு ஒரு பானை என்றிருந்தது. அதை எதிர்த்து எழுந்த மாணவர்களிடமிருந்தே தவமணி இராசன் முயற்சியில் திராவிட மாணவர் கழகம் பிறந்தது.

விடுதலைக்குப் பின்

தஞ்சையில் மன்னர் சரபோஜி அரசுக் கல்லூரி 1955இலும், பூண்டி புட்பம் கல்லூரி 1956இலும் தொடங்கின. கும்பகோணத்தில் 1963இலும் தஞ்சையில் 1966இலும் ஏற்பட்ட அரசு மகளிர் கல்லூரிகள் பெண்கள் பேராசிரியர்களாகவும் முதல்வர்களாகவும் வர வழி திறந்தன. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் நிறுவப்பட்டது. 1989இல் மாநில அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு வந்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டை உறுதி செய்தது. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது.

அண்மைக் காலம்

திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் 2009இல் தொடங்கியது. ஆசிரியர் இடஒதுக்கீட்டைக் கணக்கிட முழுப் பல்கலைக்கழகத்தை எடுப்பதா, ஒவ்வொரு துறையையும் தனித்தனியே எடுப்பதா என்ற கேள்வி 2017–2019இல் நாடு முழுதும் எழுந்தது. துறைவாரியாகக் கணக்கிட்டால் பிற்படுத்தப்பட்டோர் முறை நான்காவது பணியிடத்திலும், பட்டியல் சாதியினர் முறை ஏழாவதிலும், பழங்குடியினர் முறை பதினான்காவதிலும்தான் வரும். மூன்று பேர் கொண்ட துறையில் அந்த முறை, கடைமடை வயலுக்கு வராத ஆற்றுத் தண்ணீர்போல, வராமலே போய்விடும். 2019ஆம் ஆண்டுச் சட்டம் முழு நிறுவனத்தையே அலகாக்கியது.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 4 விழுக்காடு உண்டு. பெண்கள் ஒதுக்கீட்டை 40 விழுக்காடாக உயர்த்துவதாக 2021இல் மாநில அரசு அறிவித்தது. தனியார் பல்கலைக்கழகங்களின் நியமனங்களை இந்த விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு வகுப்புகள் நடக்கும்வரை, உரிமையோடு வரவேண்டியவரின் முறையும் தள்ளிப்போகிறது. திருவையாற்றில் அறநிலைய ஆவணத்தைப் படித்தவர்கள் கேட்ட கேள்வியை இன்றைய பணி நியமன அறிவிப்புகளைப் பார்த்தும் கேட்கலாம்: எந்தத் தடை சட்டத்தில் உள்ளது, எந்தத் தடை வழக்கத்தில் மட்டும் உள்ளது?