கிழக்குக் கடலும் எண்ணெய்ப் படலமும்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆந் திகதி, மட்டக்களப்புக்கு அணித்தான கடலில் சில மணி நேரத்துள் ஐந்து கப்பல்கள் மூழ்கின. திருகோணமலைத் துறைமுகத்தை யப்பானிய விமானங்கள் தாக்கக்கூடும் என அறிந்து, முதல்நாள் இரவே அங்கிருந்து வெளியேறிய 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அவற்றுள் முதன்மையானது. அதற்குத் துணைவந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் 'வம்பயர்', சிறிய போர்க்கப்பலான 'ஹொலிஹொக்', எண்ணெய்க் கப்பல்களான 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்', 'அதெல்ஸ்ரேன்' ஆகியன மற்றைய நான்குமாம். ஹேர்மிசில் மாத்திரம் 307 பேர் மாண்டனர். நீரில் தத்தளித்தோரில் அறுநூறு பேர் வரையில் 'வீற்றா' என்னும் மருத்துவக் கப்பலினால் மீட்கப்பெற்றனர்.

அன்றைய நாளை வரலாற்று நூல்கள் போரின் ஓர் அத்தியாயமாகவே கூறுகின்றன. ஆயினும், அக்கப்பல்களின் இயந்திரங்களை இயக்கியது எண்ணெய் என்பதும், மனிதரின் போர் முடிந்த பின்னும் கடலுக்கு நேர்ந்த துன்பம் முடிவதில்லை என்பதும் நினைக்கத்தக்கன. 1941இல் பேள் துறைமுகத்தில் மூழ்கிய 'அரிசோனா' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து எண்பது ஆண்டுகள் கடந்தும் எண்ணெய் துளித்துளியாகக் கசிந்துகொண்டிருக்கின்றது. இரும்பு துருப்பிடிக்குந்தோறும் இத்தகைய கப்பல்களின் தொட்டிகள் பலமிழக்கின்றன. ஸ்கொத்லாந்துக் கடலில் 1939இல் மூழ்கிய 'றோயல் ஓக்' கப்பலின் தொட்டிகளைத் துளைத்து, எஞ்சிய எண்ணெயைப் பிரித்தானியர் பிற்காலத்தில் இறைத்தெடுத்தமை, பழைய போர்க்கப்பல்களையும் கவனியாது விடலாகாது என்பதற்குச் சான்றாகும்.

ஹேர்மிஸ் மூழ்கி எழுபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தபின், கிழக்குக் கரைக்கு வேறோர் ஆபத்து நேர்ந்தது. 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆந் திகதி, 'நியூ டயமன்ட்' என்னும் எண்ணெய்க் கப்பலின் இயந்திர அறையில், சங்கமன்கண்டிக்குக் கிழக்கே தீப்பற்றியது. குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்கு அது கொண்டுசென்ற மசகெண்ணெய் ஏறக்குறைய 270,000 தொன். மாலுமிகள் 23 பேருள் ஒருவர் உயிரிழந்தார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் பல நாள் போராடித் தீயை அணைத்தன. கப்பலின் எரிபொருள் சிறிதளவு கசிந்து படலமாகப் பரந்ததேயன்றி, மசகெண்ணெய்த் தொட்டிகள் உடையவில்லை.

இதனை நற்பேறு எனலாம். ஆனால் அந்நற்பேற்றில் பருவகாலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. செப்டெம்பரில் வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. கிழக்குக் கரையில் அது தரையிலிருந்து கடலை நோக்கிச் செல்வது. மார்கழியில் இவ்விபத்து நேர்ந்திருப்பின், வடகீழ்ப் பருவக்காற்று படலத்தைக் கரைக்கே தள்ளியிருக்கும். மழைவெள்ளத்தால் மட்டக்களப்பு முகத்துவாரமும் திறந்து கிடக்குங் காலம் அதுவேயன்றோ!

மட்டக்களப்பு வாவி, வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு, எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே கிடப்பது. கடலோடு அது கலப்பதோ ஒடுங்கிய வாய்களினால் மாத்திரமே. திறந்த கடலில் அலைகள் எண்ணெயைச் சிதைக்கும். அமைதியான வாவியில் அவ்வுதவி இல்லை. கண்டல் மரங்களின் வேர்களில் எண்ணெய் ஒட்டினால் அவை மூச்சுவிட வழியின்றிப் பட்டுப்போகும். சேற்றினுள் புகுந்த எண்ணெயோ காற்றுப் புகாத காரணத்தால் ஆண்டுக்கணக்கில் அழியாதிருக்கும். அவ்வேர்களின் நிழலிலேதான் இறால் குஞ்சும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. அவற்றை நம்பித் தோணியும் வலையுமாக வாழும் குடும்பங்கள் இரு கரையிலும் உள்ளன.

பறவைகளுக்கு நேரும் கேடு இன்னும் கொடியது. நீர்க்காகத்தின் இறகில் எண்ணெய் படிந்தால் உடற்சூட்டைக் காக்கும் ஆற்றல் கெடுகின்றது. நீந்தவும் பறக்கவும் இயலாது போகின்றது. அலகினால் இறகைக் கோதும்போது நஞ்சும் வயிற்றுள் செல்கின்றது. மூச்சுவிட மேலே வரும் கடலாமையும் படலத்தின் நடுவே தலைதூக்கி அவ்வாறே துன்புறுகின்றது.

இதற்குப் பரிகாரம் யாது? 1967ஆம் ஆண்டு மார்ச் 18ஆந் திகதி, 'ரொறி கன்யன்' என்னும் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையருகே பாறையில் மோதி, ஏறக்குறைய 119,000 தொன் குவைத் எண்ணெயோடு உடைந்தது. ஆயிரக்கணக்கான தொன் சலவை இரசாயனத்தை அன்று கடலிலும் கரையிலும் தெளித்தனர். எண்ணெயைக் காட்டிலும் அவ்விரசாயனமே கரைவாழ் உயிர்களைப் பெருமளவில் கொன்றது என்பது பின்னர் தெரியவந்தது. நஞ்சு குறைந்த இரசாயனங்கள் அதன்பின் உருவாயின. எனினும் ஆழம் மிக்க கடலுக்கே அவை ஏற்றன. ஆழமற்ற வாவிக்கு ஏற்றன அல்ல.

வாவிக்கு உகந்தது தடுத்தலே. மிதக்கும் வேலியினால் படலத்தை வளைத்தல், வளைத்ததைப் பொறியினால் வழித்தெடுத்தல், எஞ்சியதை உறிஞ்சு பொருள்களால் ஒற்றியெடுத்தல் என்பன முறைகள். நீரோட்டம் விரைவானால் எண்ணெய் வேலிக்கடியால் நழுவும். ஆகையால், நீரின் போக்கை நன்கறிந்த முகத்துவாரத்து மீனவரின் அனுபவமும் அதிகாரிகளுக்குத் துணையாதல் வேண்டும்.

2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டம் இந்நாட்டில் உண்டு. ஆனால் பெருங்கப்பல்களை மாத்திரம் குறைகூறுதல் நியாயமன்று. உலகக் கடல்களில் மனிதன் சேர்க்கும் எண்ணெயில் கணிசமான பங்கு, நகரத் தெருக்களிலிருந்தும் வாகனத் திருத்தகங்களிலிருந்தும் மழைநீரோடு வழிந்தோடுவதாகும். பழைய எண்ணெயை வடிகாலில் ஊற்றுபவனும், இயந்திரத் தோணியின் அடிநீரை வாவியில் இறைப்பவனும் அறியாமலே அப்பங்கைப் பெருக்குகின்றனர்.

வெளிக்கடலில் வரும் தீங்கைக் காற்று ஒருமுறை திருப்பி அனுப்பியது. ஊருக்குள்ளிருந்து வழியும் எண்ணெயைத் திருப்பி அனுப்ப எந்தப் பருவக்காற்றும் வாராது. வாவிக்கரையில் வாழ்வோரே அதனை நிறுத்தல் வேண்டும்.