மரக்குற்றி வீடுகளில் இடைவெளி அடைத்தல்

மரக்குற்றி இடைவெளி அடைத்தல் என்பது, மரக்குற்றிகளைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய சுவர்களில், குற்றிகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளைக் காற்று, மழைநீர், பூச்சிகள் ஆகியவை புகாதவாறு மூடும் வேலையாகும். வட அமெரிக்காவில் உள்ளே செருகப்படும் கல், மரத்துண்டு முதலியவை சிங்கிங் எனவும், அதன்மேல் பூசப்படும் சாந்து டாபிங் எனவும் அழைக்கப்படுகின்றன.

இடைவெளி ஏற்படும் காரணங்கள்

மரக்குற்றி அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருப்பதால் இரண்டு குற்றிகள் முழு நீளத்துக்கும் பொருந்துவதில்லை. மேலும், பச்சை மரம் உலரும்போது நீளவாக்கில் மிகக் குறைவாகவும், குறுக்குவாக்கில் கூடுதலாகவும் சுருங்குகின்றது. இதனால் புதிய சுவரின் உயரம் குறைகின்றது. பழைய குற்றிகளும் பருவத்துக்கேற்பச் சிறிதளவு விரிந்து சுருங்குகின்றன.

வரலாறு

ஸ்காண்டினேவியா, ரஷ்யா ஆகிய பகுதிகளில் மேற்குற்றியின் அடிப்புறத்தில் நீளமான பள்ளம் செதுக்கி, அதனைக் கீழ்க்குற்றியின்மேல் பொருத்துவர். இடையில் காய்ந்த பாசி அல்லது ஆளி நார், சணல் நார் வைத்து இறுக்கப்படும். 1638 இல் டெலவேயர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிறுவப்பட்ட நியூ சுவீடன் குடியேற்றத்தின் மூலம் சுவீடிய, பின்லாந்து மக்கள் மரக்குற்றி வீட்டை வட அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். அப்பலாச்சியப் பகுதியில் பள்ளம் செதுக்காமலே குற்றிகள் அடுக்கப்பட்டன. வீடு விரைவாக எழுந்தது. ஆனால் அகன்ற இடைவெளிகளை அடைக்க வேண்டியதாயிற்று. களிமண், மணல், சுண்ணாம்பு ஆகியவற்றுடன் வைக்கோல் அல்லது விலங்கு மயிர் கலந்த சாந்து இதற்குப் பயன்பட்டது.

சீமெந்தினால் ஏற்படும் சேதம்

20 ஆம் நூற்றாண்டில் பல பழைய வீடுகளின் இடைவெளிகள் போர்ட்லண்ட் சீமெந்துச் சாந்தினால் அடைக்கப்பட்டன. இது மரத்தைவிடக் கடினமானது. மரத்துடன் சேர்ந்து அசைவதில்லை. எனவே குற்றியின் ஓரமாக மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றி, அதன்வழி மழைநீர் உட்புகுகின்றது. புகுந்த நீர் எளிதில் உலர்வதில்லை. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும்வரை மரத்தில் அழுகற் பூஞ்சை வளர்வதில்லை. தேங்கிய நீர் இவ்வெல்லையைத் தாண்டச் செய்கின்றது. வெளியே சாந்து உறுதியாகத் தோன்றும்போதே கீழ்க்குற்றி உள்ளே அழுகிவிடக்கூடும். அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை, பழைய மரக்குற்றிக் கட்டடங்களின் பாதுகாப்புப் பற்றி 1991 இல் வெளியிட்ட கையேட்டிலும் இச்சிக்கல் எடுத்துக் கூறப்பட்டுள்ளது.

பழைய வீடுகளைச் செப்பனிடும் முறை

1. பழைய சாந்தின் மாதிரி எடுத்து, அதன் கலவையும் நிறமும் குறித்துக்கொள்ளப்படும்.
2. உதிரும் பகுதிகள் மட்டும் அகற்றப்படும். உறுதியானவை அப்படியே விடப்படும்.
3. குற்றிகள் கூரிய கருவியால் குத்திச் சோதிக்கப்படும். அழுகல் இருப்பின், அடைப்பதற்கு முன்னரே அது சரிசெய்யப்படும்.
4. கல் அல்லது மரத்துண்டுகள் இறுக்கிச் செருகப்படும். சாந்து பிடிப்பதற்கு ஆணிகள் அல்லது கம்பிவலை பொருத்தப்படும்.
5. பழையதை ஒத்த மென்மையான சாந்து பூசப்படும். அதன் முகம் மேற்குற்றியின் முகத்துக்குச் சற்று உள்ளே அமைந்து, நீர் வெளியே வடியுமாறு சரிந்திருத்தல் வேண்டும்.
6. சாந்து விரைவில் உலர்ந்து வெடிக்காதவாறு சில நாட்கள் ஈரமாக வைக்கப்படும். உறைபனிக் காலத்தில் இவ்வேலை தவிர்க்கப்படும்.

தற்காலப் பொருட்கள்

புதிய வீடுகளில் இழுபடக்கூடிய அக்ரிலிக் பசைகள் பயன்படுகின்றன. இவற்றின் பின்னே நுரைக்கயிறு வைக்கப்படுகின்றது. பசை மேற்குற்றி, கீழ்க்குற்றி ஆகிய இரண்டிலும் மட்டும் ஒட்டி, நடுவில் தளர்வாக இருந்து நீள்வதற்கு இது உதவுகின்றது.