லயத்துக்கு வந்த பாண்ட்

ராணி காமிக்ஸின் முதல் இதழ் 1984 ஜூலையில் சென்னையில் வெளிவந்தது. ஜேம்ஸ் பாண்ட் கதை, பெயர் 'அழகியைத் தேடி'. அதில் ஒரு பிரதி இலங்கை மலையகத்தில் எங்கள் ஊரான உடப்புசல்லாவைக்கு வந்து சேரும்போது மார்கழி பிறந்துவிட்டது. தலைப்பைப் பார்த்ததும் அம்மா பழைய தினகரன் தாள் ஒன்றை எடுத்து, சோற்றுப் பசை தடவி, அதற்கு அட்டை போட்டுவிட்டார்.

"படிக்கிற புள்ளைக்கு அனுப்புற புத்தகமா இது? இந்தியாவுக்குப் போயி அண்ணனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

அண்ணன் என்றது என் மாமாவை. 1964இல் கையெழுத்தான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் மாமா அந்தப் பக்கம் விழுந்தார், நாங்கள் இந்தப் பக்கம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் கூடலூர்ப் பக்கம் டான்டீ தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தோட்டம் அது. நாடு மாறியும் காலையில் பேர் போடும் பிரட்டு மாறவில்லை, கொழுந்தும் மாறவில்லை. கடிதத்தில் மாமா எழுதுவார்: "இங்கயும் அட்டக்கடிதான்."

ஆக, அந்தப் புத்தகம் ஒரு தேயிலை மலையில் தபாலாகி இன்னொரு தேயிலை மலையில் பிரிக்கப்பட்டது. இடையில் கொழும்பு, பதுளைக்குப் போகும் ராத்திரி மெயில், நானுஓயா, நுவரெலியா. அதற்கப்புறம் கந்தப்பளை, ராகலை, ஹால்கிரனோயா என்று வளைந்து வளைந்து வரும் பஸ். அந்த வழியில் ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது. இரண்டரை அடி அகலத் தண்டவாளம், 1904இல் ராகலை வரைக்கும் போட்டிருந்தார்கள், 1940களில் மூடிவிட்டார்கள். அதற்குப் பெயர் உடப்புசல்லாவை ரயில் பாதை. ஆனால் உடப்புசல்லாவைக்கு அந்த ரயில் ஒருநாளும் வந்ததில்லை. பெயர் மட்டும் நமக்கு, வண்டி ராகலைக்கு. பல விஷயத்திலும் எங்கள் ஊருக்கு இப்படித்தான் நடக்கும்.

காமிக்ஸ் என்ற சாமான் எங்களுக்குப் புதிதல்ல. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கிய இரும்புக்கை மாயாவியை லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கிழிசலாகத்தான் தெரியும். 70களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்ததால், கைமாறிக் கைமாறி முதலும் முடிவும் இல்லாமல்தான் மாயாவி மலைக்கு ஏறுவான். 77க்குப் பிறகு கதவு திறந்தது என்றாலும், புதுப் புத்தகம் வாங்கும் காசு யார் கையில் இருந்தது? மடிப்புக் கலையாத ஒரு காமிக்ஸை எங்கள் லயம் பார்த்தது அந்த மார்கழியில்தான்.

பன்னிரண்டு காம்பரா லயம் எங்களுடையது, காம்பராவுக்கு ஒரு குடும்பம். புத்தகம் முதல் காம்பராவில் கிளம்பி கடைசிக் காம்பரா வரை போய்த் திரும்பி வர இரண்டு வாரம் பிடித்தது. வரும்போது குப்பி லாம்புக் கரி, தேத்தண்ணி வட்டம், ஓரத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து வந்தன. கூடவே ஒவ்வொரு காம்பராவின் தீர்ப்பும் வந்தது.

பெரியப்பா புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இவனா ஜேம்ஸ் பாண்டு? ஜெய்சங்கர் கிட்ட நிக்க முடியுமா?" அவரைப் பொறுத்தவரை பாண்ட் என்பது மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. 1966இல் வந்த 'வல்லவன் ஒருவன்', 1970இல் வந்த 'சி.ஐ.டி. சங்கர்', இவற்றுக்குப் பிறகு வெள்ளைக்காரன் பார்த்துக் காப்பியடித்தது என்றுதான் கடைசிவரை நம்பினார். தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்ற பட்டத்தில் இருந்த 'தென்னகத்து' என்ற சொல்லை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு வேறு குறை. "ஒரு பாட்டு இல்ல, ஒரு கண்ணீர் இல்ல, என்னா கத?" கங்காணித் தாத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. படம் மட்டும் பார்த்து, கட்டத்துக்குக் கட்டம் அவரே ஒரு கதை சொன்னார். அதில் பாண்ட் ஒரு புதுத் துரை, வில்லன் கணக்கப்பிள்ளை. பிள்ளைகளுக்கு அசல் கதையைவிட அதுதான் பிடித்தது. நேர்மையாகச் சொன்னால் எனக்கும்.

எங்கள் வாத்தியார் மட்டும் படித்தவராகத் தீர்ப்புச் சொன்னார்: "இது இங்கிலீஷ் படத்தப் பாத்து வரைஞ்சது. படத்துல இருக்கிறதுல பாதி இதுல இருக்காது." அந்த வார்த்தையை இருபது வருஷம் நம்பினேன். அது தவறு என்று பிறகுதான் தெரிந்தது.

பாண்ட் முதலில் நாவல். இயன் ஃபிளெமிங் எழுதிய 'கசினோ ராயல்' 1953இல் வந்தது. 1958 ஜூலையில் லண்டன் டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகை அதையே தினசரிப் படக்கதையாகப் போடத் தொடங்கியது. வரைந்தவர் ஜான் மெக்லஸ்கி. பாண்ட் எப்படி இருக்க வேண்டும் என்று ஃபிளெமிங் தனியாக ஒரு படம் வரையச் செய்து கொடுத்தாராம். மெக்லஸ்கிக்கு அது பழைய காலத்து முகமாகப் பட்டது. இன்னும் முரடாக, தாடை இறுகிய ஆளாகத் தன் இஷ்டத்துக்கு வரைந்தார். 'டாக்டர் நோ' படம் திரைக்கு வந்தது 1962இல்தான். அதே கதை 1960இலேயே படக்கதையாக வந்து முடிந்துவிட்டது. அதற்கு வசனம் எழுதிய பீட்டர் ஓ'டானல், பிறகு மாடஸ்டி பிளைசியைப் படைத்தவர். அந்த மாடஸ்டியோடுதான் சிவகாசியில் லயன் காமிக்ஸ் பிறந்தது, அதுவும் 1984 ஜூலையில். ஒரே மாதத்தில் தமிழில் இறங்கிய இரண்டு சாகசக்காரர்களுக்கும் நடுவில் இப்படி ஒரு சொந்தம்.

வாத்தியார் சொன்ன மாதிரியும் நடக்காமல் இல்லை. 'டாக்டர் நோ' படத்தைத் தழுவி 1963இல் அமெரிக்காவில் ஒரு காமிக்ஸ் வந்தது. ஆனால் தமிழுக்கு வந்தது அந்த வம்சம் இல்லை. ராணி வார இதழை நடத்திய அ.மா. சாமி காலத்தில் ராணி காமிக்ஸ் எடுத்துக்கொண்டது லண்டன் பத்திரிகையின் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை. ஒரு நாளைக்கு மூன்று கட்டம் என்று வரையப்பட்டவை அவை. அதனால்தான் மூன்று கட்டத்துக்கு ஒருமுறை யாராவது கதவைத் திறப்பான், துப்பாக்கி நீளும், அல்லது பாண்ட் திரும்பிப் பார்ப்பான். நாளைக்கும் அந்தப் பேப்பரை வாங்க வைக்கிற தந்திரம். எங்களுக்கு அது தெரியாது. பாண்டுக்கு வாழ்க்கையே அப்படி என்று நினைத்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லண்டனில் அரைகுறை உடையோடு நின்ற பெண்கள், தமிழ்க் காமிக்ஸுக்கு வரும்போது மையால் தைத்த சட்டை போட்டுக்கொண்டுதான் வருவார்கள். அம்மா தினகரன் அட்டை போடும் முன்பே சென்னையில் யாரோ ஓர் அட்டை போட்டிருக்கிறார்கள். கழுத்துவரை ஏறிய அந்தக் கறுப்பு எங்களுக்கு நிழலாகத்தான் தெரிந்தது.

இரண்டாவது சுற்றில் புத்தகம் டவுன் சலூனுக்குப் போனது. சித்தப்பா முடிவெட்டப் போகும்போது கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிட்டார். சலூனில் தாள் என்றால் இரண்டு வேலை. ஒன்று படிப்பது, மற்றது கத்தியில் ஒட்டிய சோப்பு நுரையைத் துடைப்பது. நான் மீட்டு வரும்போது கடைசித் தாள் இல்லை. அதன் பிறகு படித்தவர்களுக்கு முடிவை நான் வாயால் சொல்ல வேண்டி வந்தது. ஆளுக்கு ஏற்ற மாதிரி சொன்னேன். டெல்மார் தோட்டத்திலிருந்து வந்து கேட்ட பையனுக்கு வில்லன் தப்பித்துவிட்டான் என்றேன், அடுத்த இதழுக்கு என்னிடம் வருவான் என்று. இதில் லண்டன்காரர்களும் எங்களுக்குக் கூட்டாளிகள்தான். 1962இல் ஃபிளெமிங் ஒரு சிறுகதையை வேறு பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார் என்ற கோபத்தில் டெய்லி எக்ஸ்பிரஸ் முதலாளி 'தண்டர்பால்' தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டார். பாண்ட் படம் முதன்முதலாகத் திரைக்கு வந்தபோது பேப்பரில் பாண்ட் இல்லை. 1964இல்தான் திரும்ப வந்தான்.

படம் எங்களிடம் வந்தது 1987இல், கோயில் திருவிழாவுக்கு. டவுனிலிருந்து டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, பிரட்டுக் களத்தில் ஜெனரேட்டர் வைத்துப் போட்டார்கள். இரண்டு தமிழ்ப் படத்துக்கு நடுவில் 'ஒக்டோபுஸி'. பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிள்ளைகள் எல்லாரும் முன்வரிசையில். ரோஜர் மூர் வந்து சிரித்தார். யாரும் கைதட்டவில்லை.

"இவன் யாருடா?"

"இவன்தான் பாண்டாம்."

"போடா. எங்க பாண்டு சிரிக்க மாட்டான்."

அந்தக் கதையையும் பேப்பர்க்காரன் 1966இலேயே வரையத் தொடங்கிவிட்டான் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் இன்னும் சத்தம் போட்டிருப்போம். தலைமயிர் கறுப்பு இல்லை, தாடை இறுக்கம் இல்லை, சண்டைக்கு நடுவில் பகிடி வேறு. புத்தகத்தில் பார்த்தவனை வைத்துத்தான் திரையில் வந்தவனை அளந்தோம். எங்களுக்கு அசல் மாமா அனுப்பியது. டெக்கில் ஓடியதுதான் நகல்.

ஓர் ஆள் மட்டும் அன்றைக்குக் கைதட்டு வாங்கினார். மதராஸ்காரர், டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். விஜய் என்ற பெயரிலேயே பாண்டின் கூட்டாளியாக நடித்திருந்தார். அவரை வில்லனின் ஆட்கள் கொன்றதும் களத்தில் ஒரே கூச்சல். நம் ஆளைக் காப்பாற்றாத பாண்ட் என்ன பாண்ட்? அந்த வழக்கு எங்கள் லயத்தில் இன்னும் முடியவில்லை.

மாமாவிடமிருந்து அதற்குப் பிறகு புத்தகம் அதிகம் வரவில்லை. யுத்தத்தில் கப்பல் ஏற்கெனவே நின்றுபோயிருந்தது, போனவர்கள் வருவதும் நின்றது. ராணி காமிக்ஸ் 500 இதழ்கள் போட்டுவிட்டு 2005இல் நின்றது. நான் கொழும்பில் வேலைக்குப் போனபோது அந்தப் புத்தகமும் பெட்டியோடு வந்தது.

2015இல் அமெரிக்காவின் டைனமைட் நிறுவனம் பாண்டை மறுபடி காமிக்ஸாகத் தொடங்கியது. வாரன் எல்லிஸ் எழுத்து, ஜேசன் மாஸ்டர்ஸ் சித்திரம். முதல் கதை ஹெல்சிங்கியில் ஒரு துரத்தலோடு தொடங்கும், பல பக்கத்துக்குப் பேச்சே கிடையாது. லயன் காமிக்ஸ் அதைத் தமிழில் 'ஜேம்ஸ் பாண்ட் 2.0' என்று போட்டது. தெரிந்த ஒருவர் சென்னையிலிருந்து கொண்டுவந்தார். வழவழத் தாள், முழு வண்ணம், மையால் தைத்த சட்டைக்கு வேலையில்லாத காலம்.

தங்கச்சி மகன் ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இது டேனியல் கிரேக் மாதிரியே இல்லையே?"

பிரட்டுக் களத்துச் சத்தம் மறுபடி காதில் விழுந்தது. வேண்டுமென்றேதான் நடிகர் முகத்தை விட்டுவிட்டு ஃபிளெமிங் எழுதிய முகத்துக்குப் போயிருக்கிறார்கள், கன்னத் தழும்பு உட்பட, என்று விளக்கினேன். அவன் சமாதானம் ஆகவில்லை. பழைய வாசகர்கள் சிலரிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒருவர், பேச்சில்லாத பக்கங்களைக் காட்டி, "காசு குடுத்தது வசனத்துக்கும் சேத்துத்தானே" என்றார். இன்னொருவருக்கு ரத்தம் அதிகம். எனக்குச் சித்திரம் பிடித்தது. ஆனாலும் ராணியின் பழைய இதழ்களில் பார்த்த, பாண்டை வரைந்த யாரோஸ்லாவ் ஹொராக்கின் கோட்டுக்கு இது ஈடில்லை. ஹார்பினில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த அந்த மனிதர் வெறும் கறுப்பு மையால் மழையையும் பயத்தையும் ஒன்றாக வரைந்தவர். இதைச் சொன்னதும் மருமகனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பழையதை எடுங்கள், பார்க்கலாம் என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். தினகரன் அட்டை பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே, மாமாவின் கையெழுத்தில் எங்கள் தோட்டத்து விலாசம். கடைசித் தாள் இல்லை என்பதை முன்கூட்டியே சொன்னேன். முடிவைச் சொல்லட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டான்.

ராகலைக்கு வீட்டுக்குப் போகும்போது பையில் வைத்துக்கொண்டு போனான். இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் திருப்பித் தரவில்லை.