தெருமுனையில் ஒரு சிவப்புப் பெட்டி

நம் கண்முன் நாள்தோறும் நிற்கும் பொருளை நாம் பார்ப்பதில்லை; அது இல்லாமற்போகும் நாளில்தான் அதன் இடம் வெறுமையாய்த் தெரிகிறது. ஆழ்வார்பேட்டையில் தனிவீடுகள் அடுக்ககங்களாயின; மௌபரீஸ் சாலை டி.டி.கே. சாலையாயிற்று. இத்தனை மாற்றங்களுக்கிடையே, தெருவோரத் தபால் பெட்டி இன்னும் எத்தனை நாள் நிற்குமோ என்னும் கவலை நம் முதியோர் பலரிடம் உண்டு. 2025இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டபோது இக்கவலை இன்னும் கூர்மையாயிற்று. இதனை வெறும் பழமைப் பற்று என்று ஒதுக்கிவிடலாமா? வரலாறு வேறுவிதமாய்ச் சொல்கிறது.

ஒரு காலத்தில் மடல் அனுப்புதல் அரிய வாய்ப்பாய் இருந்தது. 1545ஆம் ஆண்டில் நம் மயிலையில் சில மாதங்கள் தங்கிய புனித பிரான்சிஸ் சவேரியாருக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு மடல் வந்து சேர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். எல்லாம் கப்பலையும் காற்றையும் பொறுத்தது. தோழர்கள் எழுதிய மடல்களிலிருந்து அவர்களுடைய கையொப்பங்களை வெட்டியெடுத்துத் தம்முடனே அவர் சுமந்து திரிந்தார். தொலைவில் இருப்பவனுக்கு ஒரு கையெழுத்து எத்தகைய துணை என்பதை இதனினும் நன்கு விளக்க முடியாது.

1786இல் சென்னையில் பொது அஞ்சலகம் தோன்றியது. ஆயினும் கட்டணம் எடைக்கும் தொலைவுக்கும் ஏற்ப மாறியதால், ஒவ்வொரு மடலையும் ஓர் எழுத்தர் நிறுத்துக் கணக்கிட வேண்டியிருந்தது. 1854இல் இந்நிலை மாறிற்று. நாடு முழுவதற்குமான அஞ்சல்தலை வந்தது. எடை குறைந்த மடல், தொலைவு எதுவாயினும், அரையணாவில் சென்றது. திருநெல்வேலிக்கும் கல்கத்தாவுக்கும் ஒரே கட்டணம்! 1879 ஜூலை 1 முதல் அஞ்சலட்டை காலணாவுக்குக் கிடைத்தது.

தெருப்பெட்டிக்கு இடம் தந்தது இந்த முன்கட்டண முறையே. தலையை ஒட்டியாயிற்றென்றால் எழுத்தரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் அஞ்சல்துறை அலுவலராய் இருந்த நாவலாசிரியர் அந்தோனி டிரோலப்பின் யோசனைப்படி 1852இல் ஜெர்சித் தீவில் தூண்பெட்டிகள் நிறுத்தப்பட்டன. பின்னர் அவ்வழக்கம் நம் தெருக்களுக்கும் வந்தது. நம் நகரில் உள்ளூர் மடல்களுக்கெனப் பச்சைப் பெட்டியும் நின்றதை மூத்தோர் அறிவர். பெட்டியின் வாய் யாரையும் 'நீ யார்?' என்று கேட்டதில்லை. நீதியரசரின் உறையும், வீட்டுவேலை செய்யும் பெண் ஊரிலுள்ள தாய்க்கு எழுதிய அட்டையும் ஒரே இருட்டில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன.

இன்று மடல்கள் குறைந்துவிட்டன என்பது மெய். டென்மார்க்கில் 2000ஆம் ஆண்டில் 140 கோடியாய் இருந்த மடல்கள் 2024இல் 11 கோடியாயின. அங்கே 2025 ஜூன் முதல் 1,500 பெட்டிகள் அகற்றப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் அரசு அஞ்சல் நிறுவனம் 401 ஆண்டுகளாய் நடந்துவந்த மடல் சேவையையே நிறுத்திக்கொண்டது. கணக்குப் புத்தகம் இதற்கு நியாயம் சொல்லும். ஆனால் எத்தனை மடல்கள் விழுந்தன என்று மட்டுமே அக்கணக்கு எண்ணுகிறது; வேறு வழியில்லாமல் எழுதியவர் எத்தனை பேர் என்று அது எண்ணுவதில்லை. கைப்பேசித் திரையில் விரல் நடுங்கும் முதியவர், ஓய்வூதியக் குறையை எழுதித் தெரிவிக்கும் கைம்பெண், சிறையிலிருக்கும் மகனுக்கு எழுதும் தாய் ஆகியோர்க்கு, நடந்துசெல்லும் தொலைவில் பெட்டி இருப்பது சிறு செய்தியன்று.

ஆகவே, எந்தப் பெட்டியையும் எடுக்குமுன் அப்பெட்டியின்மேலேயே சில வாரங்கள் அறிவிப்பு இருக்கட்டும். அடுத்த பெட்டி எங்குள்ளது என்பதையும் அது சொல்லட்டும். அத்தெருவின் முதியோரிடம் ஒரு சொல் கேட்கப்படட்டும். இது பெரிய வேண்டுகோள் அன்று.

எனினும் குற்றம் முழுவதையும் பிறர்மேல் சுமத்த நமக்கு உரிமையில்லை. பெட்டியை முதலில் வெறுமையாக்கியவர் நாமே. கிறிஸ்து பிறப்பு வாழ்த்தைக்கூட ஒரு விரல்தட்டில் நூறு பேருக்கு அனுப்பிவிட்டு, எவருக்கும் எழுதாதிருந்தோம். தூய பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகம் இன்றும் நம் கையில் இருக்கிறது. நாம் சென்ற ஆண்டு அனுப்பிய வாழ்த்துகளில் எது இருக்கிறது? நம்மிடமிருந்து மடல் வராதா என்று காத்திருக்கும் ஒருவரை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். அவருக்கு இவ்வாரம் எழுதுவோம். தெருமுனைவரை நடந்து, நம் கையாலேயே அதனைப் பெட்டியில் இடுவோம்.