கோன்ல சுத்த முடியாத நூல்

எங்க நெருப்பெரிச்சல் பக்கம் பனியன் கம்பெனில வேலை பார்த்தவங்களுக்கு இது தெரியும். காத்து காஞ்சு கிடக்கிற நாள்ல பாலியஸ்டர் நூலை நிட்டிங் மிஷின்ல ஏத்தினா பஞ்சு பறந்து பறந்து ஒட்டும். துணிகிட்ட கையைக் கொண்டு போனா முடி சிலிர்த்துக்கும். "ஸ்டேட்டிக் புடிச்சுக்குச்சுங்" என்று தரையில் தண்ணி தெளிப்பாங்க. கரண்ட் மோட்டார்ல இருக்கணும், நூல்ல வரக்கூடாது. அதுதான் எங்க தொழில் வேதம்.

அந்தச் சனியனையே வேலைக்கு வெச்சு நூல் நூத்தவங்க கதை இது.

நான் இதுக்குள்ள போனதுக்குக் காரணம் 2020. ஊரடங்கு, ஆர்டர் எதுவும் இல்லை. மிச்சம் கிடந்த சிங்கிள் ஜெர்சி துணியில மாஸ்க் தைச்சோம். பக்கத்து வீட்டு அக்கா நர்ஸ். இருபது மாஸ்க் கொண்டு போய்க் கொடுத்தேன். ஒண்ணை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சாங்க. பொட்டுப் பொட்டா வெளிச்சம். "தம்பி, இதைப் போட்டுட்டு வார்டுக்குள்ள போலாமா?"

இருபது வருஷமா துணியோடயே இருக்கேன். பதில் சொல்ல வாய் வரலை.

பருத்தி இழையோட தடிமன் 12-லேர்ந்து 20 மைக்ரான். என்-95 மாஸ்க்கைச் சோதிக்கிற துகளோ 0.3 மைக்ரான். அந்த மாஸ்க்கோட நடு அடுக்கு பின்னின துணியே இல்லை, மின்னேற்றம் கொடுத்த மெல்ட் ப்ளோன் விரிப்பு. அட, அங்கேயும் கரண்டா? அப்படித் தேடப் போய்த்தான் மின்நூற்பு கண்ணுல பட்டுது.

1600-ல வில்லியம் கில்பர்ட், தேய்ச்ச அம்பரைத் தண்ணீர்த் துளி பக்கத்துல கொண்டு போனா துளி கூம்பா நிமிருதுன்னு எழுதி வெச்சார். 1887-ல சார்லஸ் வெர்னான் பாய்ஸ், மின் எந்திரத்தை வெச்சு உருக்கின அரக்கு மாதிரி பிசுபிசுப்புகளிலிருந்து மெல்லிய இழை இழுத்துக் காட்டினார். (இவரேதான் குவார்ட்ஸை உருக்கி, அம்புல கட்டி எய்து நூல் எடுத்தவர். இங்க்லீஷ்காரன் குசும்பு!) 1902-ல கூலி, மார்ட்டன்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல தனித்தனியா பேட்டன்ட் வாங்கினாங்க. அதுவும் அப்படியே கிடந்துச்சு.

விஷயம் இதுதான். பாலிமர் கரைசலை ஊசி முனைக்குக் கொண்டு வந்து பத்திருபதாயிரம் வோல்ட் கொடுக்கணும். துளி கூம்பாகி, கூம்பு நுனியிலிருந்து ஒரு தாரை கிளம்பும். கரைசல் ரொம்ப நீர்த்துப் போனா சொட்டு சொட்டா சிதறிடும். அதிரசப் பாகு மாதிரிதான், கம்பிப் பதம் வந்தா இழை, வரலைன்னா சொட்டு.

1934-ல ஜெர்மனிக்காரர் அன்டன் ஃபார்ம்ஹால்ஸ் இதை ஜவுளித் தொழிலாவே ஆக்கப் பார்த்தார். செல்லுலோஸ் அசிட்டேட் கரைசல், சுழலும் சக்கரம், இழைகளை நேராப் பிடிச்சு நூலா எடுக்கணும். எடுத்தா, ஈரம் காயாம சக்கரத்துலயும் ஒண்ணோட ஒண்ணும் ஒட்டிக்குது. தூரத்தைக் கூட்டிப் பார்த்தார். அடுத்தடுத்து பேட்டன்ட் எடுத்தார். மில்லுல நிலைக்கலை. இந்த மனுஷன் மேல எனக்கு ஒரு தனிப் பாசம். லைன் ஓடாம நின்னு போன எல்லா முதலாளி முகமும் எனக்கு இவர்கிட்ட தெரியுது.

அதே 1930-களின் கடைசியில சோவியத்ல பெட்ரியானோவும் ரோசன்ப்ளூமும் நூலா எடுக்கணும்ங்கிற ஆசையையே விட்டாங்க. விழுறபடி விழட்டும்னு விட்டு, அந்தச் சிக்கலையே வடிகட்டியா வெச்சாங்க. வாயு முகமூடிக்குள்ள போச்சு. பின்னால 'லெபெஸ்தோக்'னு சுவாச மாஸ்க் ஆச்சு, பூவிதழ்னு அர்த்தம். 1986-ல செர்னோபில்ல வேலை செஞ்சவங்க மூஞ்சியில இருந்தது அதுதான்.

கூம்போட கணக்கை 1964-ல போட்டவர் கேம்பிரிட்ஜ் ஜி.ஐ. டெய்லர். அரைக்கோணம் 49.3 டிகிரி. அப்போ அவருக்கு 78 வயசு! தாரைக்கு என்ன ஆகுதுன்னு தெளிவாக இன்னும் முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. கண்ணுக்கு அது பல இழையாப் பிரியுற மாதிரி தெரியும். 2000-ல டயர் ஊரான ஆக்ரன்ல ரெனெக்கர் குழு அதிவேகக் கேமராவுல பார்த்தா, ஒரே தாரைதான் சாட்டை மாதிரி சுழன்று சுழன்று வருது. அந்த ஆட்டத்துலதான் இழுபட்டு ஆயிரம் மடங்கு மெலியுது. ஃபார்ம்ஹால்ஸ் எதை அடக்கப் பார்த்தாரோ, நைஸ் எல்லாம் அதுல இருந்துதான் வருது.

எவ்வளவு நைஸ்? 200 நானோமீட்டர் இழைன்னு வெச்சுக் கணக்குப் போட்டேன். ஒரு கிராம்ல கிட்டத்தட்ட 24 ஆயிரம் கிலோமீட்டர். நாம 30-ம் நம்பர், 40-ம் நம்பர்னு பேசுறோமே, அந்தக் கணக்குல இது ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கு மேல கவுண்ட் :)

தஞ்சாவூர் சாஸ்த்ராவுல இந்த இழை மேல நரம்பு செல் வளர்க்கிற ஆராய்ச்சி நடந்திருக்கு. இதையெல்லாம் எங்க கம்பெனி ஃபிட்டர் அண்ணன்கிட்ட ஒரு டீ நேரத்துல சொன்னேன். கவுண்ட்டைக் கேட்டு ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம், "ஏனுங், கோன்ல சுத்தலாமுங்களா?"

"இன்னும் லேசுல முடியாதுங்ணா."

"அப்பறம் அதை எப்புடிங் மிஷின்ல ஏத்தறது?" என்று கேட்டுட்டு டம்ளரைக் கழுவப் போயிட்டார். நர்ஸ் அக்காகிட்ட அந்த இருபது மாஸ்க்கையும் நான் அன்னைக்கே திருப்பி வாங்கிட்டேன்.