சஹனின் ஆறாவது இடம்

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் ஆட்களை எண்ணுவதில்லை, சஹனை எண்ணுவார்கள். "எத்தனை சஹன் போட்டாங்க?" என்று கேட்டு, வந்த பதிலை ஆறால் பெருக்கினால் கூட்டத்தின் தொகை கிடைத்துவிடும். எமது பிள்ளைகள் ஆறாம் வாய்பாட்டை விரைவாகப் பாடமாக்குவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று வகுப்பறையில் நான் நினைத்துச் சிரிப்பதுண்டு. தொகை சரி. அந்த ஆறு பேர் யார் யார் என்பதை எமது பெருமைப் பேச்சுகளில் எவரும் கேட்பதில்லை.

'சஹன்' அரபுச் சொல். பெரிய தட்டையும் அது குறிக்கும். பள்ளிவாசலின் திறந்த முற்றத்தையும் குறிக்கும். எவரும் வந்து நிற்கக்கூடிய முற்றத்துக்கும், பலரது கைகள் கூடும் தட்டுக்கும் ஒரே பெயர் அமைந்திருப்பது எனக்குப் பிடித்தமான விடயம்.

ஹதீஸ் நூல்களில் காணப்படும் உணவொழுக்கங்களிற் பல, ஒரே தட்டில் உண்போரை மனதிற்கொண்டு சொல்லப்பட்டவை. நபி (ஸல்) அவர்களின் வளர்ப்பு மகனான உமர் இப்னு அபீ ஸலமா (ரழி), சிறுவனாக இருந்தபோது தன் கை தட்டெங்கும் அலைந்ததையும், தான் திருத்தப்பட்டதையும் பிற்காலத்தில் தாமே அறிவித்தார். பிஸ்மி சொல்வது, வலக் கையால் உண்பது, தனக்கு முன்னால் உள்ளதை உண்பது ஆகிய மூன்றையும் அவர் அன்று கற்றுக்கொண்டார். மூன்றாவது ஒழுங்கு தனித் தட்டில் உண்பவனுக்குத் தேவையே இல்லை.

அபூதாவூதில் இன்னொரு செய்தி உண்டு. 'அல்கர்ரா' என்றொரு பெருந்தட்டு நபியவர்களிடம் இருந்தது. அதைத் தூக்க நான்கு பேர் வேண்டும். ஒருநாள் அதில் தரீத் உணவு வந்தது. ஆட்கள் கூடிவிட இடம் நெருக்கடியானது. நபியவர்கள் முழந்தாளிட்டு அமர்ந்தார்கள். இதென்ன இருப்பு என்று ஒரு நாட்டுப்புற அரபி கேட்டார். அல்லாஹ் தன்னைக் கண்ணியமான அடியானாகவே ஆக்கியிருக்கிறான், அடக்கியாளும் கொடியவனாக அல்ல என்ற கருத்தில் பதில் வந்தது. கேள்வி இருப்பைப் பற்றியது. பதிலோ அதிகாரத்தைப் பற்றியது.

பயணி இப்னு பதூதாவின் குறிப்புகளில் எங்கள் சஹனின் உறவினர்களைக் காணலாம். 1331இல் மொகடிஷுவில் அவருக்கு நெய்யிற் சமைத்த சோறு பெரிய மரத்தட்டில் வந்தது. மேலே கறி, பக்கத்தில் ஊறுகாய் எலுமிச்சை, பச்சை இஞ்சி, மாங்காய். இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள ஹொன்னாவரில் 'தாலம்' என்ற செப்புத் தட்டில் சோறு பரிமாறி நெய் ஊற்றினார்கள். தாலம் எமக்கும் தெரிந்த சொல். 1344இல் இலங்கை வந்து பாவாதமலை ஏறியவரும் அவரே. இந்தக் கரைகளில் மூன்று ஆண்டுகள் சோறே கதியென்று கிடந்து, முடிவில் தண்ணீர் குடித்தே அதை விழுங்க வேண்டியிருந்தது என்று எழுதுகிறார். எங்கள் மூத்தம்மா கேட்டிருந்தால் அவருக்காகக் கவலைப்பட்டிருப்பார்.

ஆனால் சஹன் வந்திறங்கிய நாடு வெற்றிடமாக இருக்கவில்லை. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், இங்குள்ளோர் பாத்திரத்தில் வாய் வைக்காமல் உயர்த்தி ஊற்றிக் குடிப்பதை எழுதியிருக்கிறார். குலத்தில் தாழ்ந்தோர் எனக் கருதப்பட்டவர்களோடு உண்பதில்லை, குடிப்பதில்லை என்பதையும் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட அயலில் ஆறு பேர் ஒரே தட்டிற் கைவைப்பது சிறிய விடயமல்ல. நாமும் அந்த அயலில்தான் நூற்றாண்டுகளாக வாழ்கிறோம். அயலின் காற்று எம்மீது படவில்லை என்று சொல்ல முடியுமா?

எங்கள் ஊர் கண்டிப் பக்கத்தில் ஒரு மலையடிக் கிராமம். எனது சிறுபராயத்தில் பாய் விரித்து அதன்மேல் வெள்ளைத் துணி விரிப்பார்கள். இருந்த இடத்துக்கே தண்ணீர் வரும். ஒருவன் கெண்டியால் ஊற்ற மற்றவன் பேசினைப் பிடிப்பான். வயதில் மூத்தவருக்கு முதலில். நெய்ச்சோற்றுக் குவியலின்மேல் பொரித்த கோழி, சுற்றிவர இறைச்சி ஆணம், கத்தரிக்காய், மாசிச் சம்பல். கோழியைப் பிரிப்பவர் சஹனில் மூத்தவர். நல்ல துண்டைத் தன் பக்கம் ஒதுக்காமல் மற்றவர் முன்னால் வைப்பதிலேதான் ஒரு மனிதனின் குணம் தெரியும் என்பார்கள். முதலில் வயிறு நிறைந்தவர் எழும்பமாட்டார். மற்றவர்கள் கூச்சப்படாதிருக்க விரலால் சோற்றை அளைந்தபடி இருப்பார். பெண்களுக்கு உள்வீட்டில் சஹன், பெரும்பாலும் ஆண்கள் முடித்த பிறகு. அது தனியாக எழுதப்பட வேண்டியது. ஒரு பெண் எழுதினால் இன்னும் நல்லது.

1991இல் ராத்தாவின் கல்யாணம். எனக்குப் பதினொரு வயது, பேசின் பிடிக்கும் வேலை. முன் விறாந்தையில் ஒரு சஹனில் ஐந்து பேர் அமர்ந்து ஆறாவது ஆளுக்குக் காத்திருந்தார்கள். "ஒரு ஆள் வாங்க, ஒரு ஆள்!" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். வாசலில் ஒஸ்தா மாமா நின்றார். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேருக்குச் சுன்னத்துச் செய்தவர், எனக்கும் அவரே. அவர் அசையவில்லை. கூப்பிட்டவர்களும் அவரைக் கூப்பிடவில்லை. யாரும் அவரை வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. சற்று நேரத்தில் வேறொருவர் வந்து அமர்ந்தார். ஒஸ்தா மாமாவுக்குக் குசினிப் பக்கத்தில் ஒரு பீங்கானில் சோறு வைத்து, உம்மா இறைச்சியை அள்ளி அள்ளிப் போட்டார். வாப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தண்ணீர்ப் பேசினைத் தூக்கிக்கொண்டு அடுத்த சஹனுக்குப் போனேன்.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயின்ற நாட்களில், பல ஊர்களிலிருந்தும் வந்த நண்பர்கள் விடுதியில் தத்தம் ஊர் விருந்துகளைப் பற்றிப் போட்டிபோட்டுப் பேசுவோம். எனது முறை வரும்போது கோழியைப் பற்றிச் சொல்வேன். பீங்கானைப் பற்றிச் சொல்வதில்லை.

பிறகு பாய் போய் மண்டபமும் வட்ட மேசையும் வந்தன. அதன்பின் தனித்தட்டும் வரிசையும். 2020இல் கொவிட் வந்தபோது ஒரே தட்டில் கைவைப்பதே பயமாயிற்று. இப்போது ஹோட்டலுக்குத் தொலைபேசியில் சொன்னால் சஹன் வீட்டுக்கே வருகிறது, மேலே பொலித்தீன் சுற்றி. வரிசையிலும் தனித்தட்டிலும் யாரும் யாரையும் ஒதுக்குவதில்லை, உண்மை. யாரும் யாரோடும் சேர்வதுமில்லை.

2008இல் எனது திருமண விருந்து மண்டபத்தில் நடந்தது. ஒஸ்தா மாமா அப்போது மௌத்தாகியிருந்தார். அவருடைய மகன் என்னோடு படித்தவர், அவரும் ஆசிரியர். நானே கையைப் பிடித்து அழைத்துச் சென்று ஒரு சஹனில் ஆறாவது ஆளாக அமர்த்தினேன். எதிரே இருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "எனக்குப் பசியில்ல தம்பி" என்று சொல்லி எழுந்து போனார். மற்ற நால்வரும் சோற்றைப் பார்த்தபடி இருந்தார்கள். என் நண்பர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்.

வாப்பா எங்கிருந்து பார்த்தாரோ தெரியாது. வந்து அந்த வெற்றுக் கதிரையில் அமர்ந்தார். "இருங்க மகன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, பிஸ்மி சொல்லிக் கோழியைப் பிரித்து முதல் துண்டை அவர் முன்னால் வைத்தார். கடைசி ஆள் கையெடுக்கும்வரை வாப்பாவும் உண்டுகொண்டிருந்தார். முதற் பந்தியிலேயே மாப்பிள்ளை வீட்டாரோடு அமர்ந்து அவர் வயிறு நிறையச் சாப்பிட்டு முடித்திருந்தார்.