'அமைதி' என்னும் சொல் பிந்தி வந்தது

1689-ஆம் ஆண்டுக் கோடையில் மட்சுவோ பாஷோவும் அவருடைய மாணவர் சோராவும் வட ஜப்பானின் ரிஷ்ஷகுஜி மலைக்கோயிலை அடைந்தனர். மண்டபக் கதவுகள் அடைத்திருந்தன. பாறைகளுக்கிடையே சிள்வண்டுகள் ஒலித்தன. அங்குப் பிறந்த பாடல் இன்று ஜப்பானிய அமைதியின் இலக்கணமாகவே பாடஞ்சொல்லப்படுகிறது. எனினும், சோரா குறித்துவைத்த அதன் முதல் வடிவில் 'அமைதி' என்ற சொல்லே இல்லை. பாடல் மலைக்கோயிலின் பெயரோடு தொடங்கியது. பின்னர் மற்றொரு வடிவில் தனிமையைச் சுட்டும் சொல் அவ்விடத்தில் நின்றது. ஒலி பாறையில் ஊறுவதைச் சொல்லும் வினையும் மாறிக்கொண்டே வந்தது. 'அமைதி' இறுதித் திருத்தத்தில்தான் வந்து சேர்ந்தது.

இச்செய்தி ஒரு பெரிய கேள்வியை எழுப்புகிறது. ஜப்பானியரின் அசைவின்மையும் அடக்கமும் அவர்தம் பிறவிக்குணம் என்று பயண இலக்கியமும் சுற்றுலா விளம்பரமும் ஓயாமல் சொல்கின்றன. பாஷோவின் பயணச் சான்றுகள் வேறொன்றைக் காட்டுகின்றன.

முதலாவதாக, அக்காலத்தில் மெதுவாகச் செல்வது பயணி விரும்பித் தேர்ந்த ஒன்றன்று. தொகுகாவா ஆட்சியில் நெடுஞ்சாலைப் பயணிகளுக்குச் சக்கர வண்டி பெரும்பாலும் கிடையாது. பெரிய ஆறுகள் சிலவற்றில் வேண்டுமென்றே பாலம் கட்டப்படவில்லை. சோதனைச் சாவடிகள் எடோ நகருக்குள் நுழையும் துப்பாக்கிகளையும், அங்கே பிணையாக வைக்கப்பட்டிருந்த பிரபுக்களின் மனைவியர் தப்பிச் செல்வதையும் கண்காணித்தன. ஷிதொமாயே சாவடியில் காவலர் தம்மை ஐயுற்றதைப் பாஷோவே எழுதியுள்ளார். ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் தொலைவை அவர் கடக்க 150 நாள்கள் ஆயின. குரோபானேயில் இரு வாரமும் ஒபானசாவாவில் பத்து நாளும் தங்கியதற்கு, கவியரங்கு கூட்டி உணவும் உறையுளும் அளித்த செல்வர்களின் ஆதரவும் ஒரு காரணம்.

இரண்டாவதாக, அடக்கம் எழுதுமேசையில் உருவாயிற்று. பயணநூலான 'ஒகு நோ ஹொசொமிச்சி'யின் மட்சுஷிமா பகுதியில் பாஷோவின் பாடல் இல்லை. சோராவின் பாடல் மட்டுமே உள்ளது. பேரழகின்முன் கவிஞர் வாயடைத்துப்போனார் என்பது மரபான விளக்கம். ஆனால் மட்சுஷிமாவைப் பற்றிப் பாஷோ இயற்றிய பாடல் ஒன்று வேறிடத்தில் கிடைத்துள்ளது. பாடல் இருந்தும் அவர் அதைத் தம் நூலில் சேர்க்கவில்லை. நூல் செம்மையுற ஏறக்குறைய ஐந்தாண்டுகள் சென்றன. 1694-இல் அவர் மறைந்தபின், 1702-இல்தான் அச்சேறியது.

1943-இல் சோராவின் நாட்குறிப்பு வெளியானபோது, நாள்களும் நிகழ்ச்சிகளும் நூலோடு முரண்படுவது தெரியவந்தது. இச்சிபுரி விடுதியில் பரத்தையரைச் சந்தித்ததாக நூல் சொல்வது அந்நாட்குறிப்பில் இல்லை. இதைப் பொய்யென்று தள்ளுவது எளிது. ஆயினும் நாட்குறிப்பின் பணி வேறு, இலக்கியத்தின் பணி வேறு. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் எது கண்டது, எது கடைந்தெடுத்தது என்பது விளங்குகிறது.

ஒரு பண்பாட்டின் அமைதியை அம்மக்களின் இயல்பென்று சொல்லிவிட்டால், அதன் பின்னிருந்த சாவடியும் புரவலரும் அடித்தெழுதிய வரிகளும் மறைந்துபோகின்றன. ஐந்தாண்டு உழைப்பு வெறும் குணநலமாகச் சுருங்கிவிடுகிறது. பாஷோவைப் போற்றுவோர் அவ்வுழைப்பையும் சேர்த்தே போற்றுதல் தகும்.